அலைக்கற்றைக் கணக்கை ஃபார்வர்டு செய்வதற்கு முன் எப்படிப் படிப்பது

2022 ஆகஸ்ட் முதல் வாரம். 5ஜி சேவைக்கான அலைக்கற்றை (ஸ்பெக்ட்ரம், அதாவது மொபைல் சிக்னல் போகிற ரேடியோ அலைவரிசை) ஏலம் அப்போதுதான் முடிந்திருந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு படம் போட்டார்: ஏலத்துக்கு வைத்ததில் 71 சதவீதம் விற்றுவிட்டது, அரசுக்கு ஒன்றரை லட்சம் கோடி, இதுவரை இல்லாத சாதனை. கொஞ்ச நேரம் கழித்து சித்தப்பா இன்னொன்றைப் போட்டார்: நாலேகால் லட்சம் கோடிக்கு மேல் போக வேண்டியது ஒன்றரை லட்சம் கோடிக்குப் போயிருக்கிறது, மீதி யார் பாக்கெட்டில்? அப்புறம் என்ன, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பஞ்சாயத்து. இரண்டு பேரும் எந்தக் கட்சி என்று நான் சொல்லத் தேவையில்லை, நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேர் சொன்ன எண்ணும் சரிதான். ஒரே ஏலத்தைப் பற்றித்தான் இரண்டும். இந்த மாதிரி செய்தி வருஷத்துக்கு ஒரு தடவையாவது வரும், தேர்தல் நெருங்கினால் மாசத்துக்கு ஒரு தடவை வரும். வந்தால் நான் என்னென்ன பார்க்கிறேன் என்று எழுதி வைக்கிறேன். பெரிய பொருளாதாரப் படிப்பெல்லாம் வேண்டாம், போனில் இருக்கிற கால்குலேட்டர் போதும்.

முதலில், எதை எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2022 ஏலத்தில் வைத்தது 72,098 மெகாஹெர்ட்ஸ், விற்றது 51,236. வகுத்துப் பாருங்கள், 71 சதவீதம் வரும். மாமா ஜெயித்துவிட்டார். ஆனால் வைத்த எல்லாவற்றையும் அடிப்படை விலையில் (ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை) கூட்டினால் சுமார் 4.3 லட்சம் கோடி, கிடைத்தது 1,50,173 கோடி. அது 35 சதவீதம். சித்தப்பாவும் ஜெயித்துவிட்டார். எப்படி இரண்டும் உண்மையாகிறது? மெகாஹெர்ட்ஸ் எல்லாம் ஒரே சரக்கு கிடையாது. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் (பேண்ட்) நாடு முழுக்க ஒரு மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் அடிப்படை விலையே 3,927 கோடி. 26 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் அதே ஒரு மெகாஹெர்ட்ஸ் ஏறக்குறைய 7 கோடிதான். ஐநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். தி.நகரில் ஒரு கிரவுண்டையும் ராமநாதபுரத்துக் கருவேலங்காட்டில் நூறு ஏக்கரையும் சேர்த்து ‘மொத்த நிலம் இவ்வளவு விற்றது’ என்று சொன்னால் எப்படி இருக்கும், அதே கதைதான்.

700 பட்டை சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வரும், ஒரு டவர் நாலைந்து ஊரைப் பார்த்துக்கொள்ளும். 26 ஜிகாஹெர்ட்ஸ் அலை தெருமுனை தாண்டுவதற்குள் களைத்துவிடும், ஆனால் அகலம் தாராளம். ஏலத்தில் வைத்த அளவில் பெரும்பகுதி இந்தத் தாராளமான மலிவுச் சரக்குதான், அதில்தான் நிறைய விற்றது. 700-ஐ ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது, அதற்கே 39,270 கோடி ஆகிவிட்டது. மீதியை யாரும் தொடவில்லை. 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஏறெடுத்துப் பார்க்கவும் ஆளில்லை. அடிப்படை விலை வைத்தும் விற்காத சரக்கு அரசிடமே இருக்கிறது, அடுத்த ஏலத்தில் மறுபடி வைக்கலாம். அதை ‘போன பணம்’ என்று சொல்வது, கடையில் விற்காமல் இருக்கும் புடவையை எல்லாம் திருட்டுப் போனதாகக் கணக்கெழுதுவது மாதிரி. அதே சமயம் ‘71 சதவீதம் விற்றது’ என்று மார்தட்டுவதும் அரைக் கதைதான். இன்னொரு சின்ன விஷயம்: இந்த மெகாஹெர்ட்ஸ் கூட்டல் வட்டம் வட்டமாகப் போடுவது. நாட்டை 22 சர்க்கிளாகப் பிரித்திருக்கிறார்கள், தமிழ்நாடு அதில் ஒன்று. நாடு முழுக்க 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கினால் கணக்கில் 220 என்று ஏறும். ஆயிரக்கணக்கில் எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள்.

அடுத்தது, பணமா வாக்குறுதியா என்று கேளுங்கள். ஒன்றரை லட்சம் கோடி என்று தலைப்பு வந்ததும் அது அப்படியே கஜானாவில் விழுந்துவிட்டதாக நினைக்கிறோம். 2022-ல் வாங்கியவர்கள் 20 வருஷத் தவணையில் கட்டலாம், 7.2 சதவீத வட்டி. முதல் தவணையாக வந்தது மொத்தம் 17,876 கோடி. அதிலும் ஏர்டெல் மட்டும் நாலு வருஷத் தவணையை முன்கூட்டியே, 8,312 கோடியாகக் கட்டியதால்தான் அந்த அளவுக்கு வந்தது. ஆக, தலைப்பில் வந்த தொகையில் எட்டில் ஒரு பங்கு. ‘ஏலப் பணத்தை என்ன செய்தார்கள்’ என்று கேட்கிறவர்களும் சரி, ‘ஏலப் பணத்தில் இதைச் செய்தோம் அதைச் செய்தோம்’ என்று பேசுகிறவர்களும் சரி, இதைச் சொல்வதில்லை.

இதை நீங்களே சரிபார்க்கலாம். மத்திய பட்ஜெட்டில் ‘ரிசீட் பட்ஜெட்’ என்று ஒரு ஆவணம் வரும், வரவுகள் மட்டும் இருக்கும். அதில் வரியல்லாத வருவாய்ப் பகுதிக்குப் போங்கள். ‘அதர் கம்யூனிகேஷன் சர்வீசஸ்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கட்டுவது பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும், உரிமக் கட்டணமும் சேர்ந்துதான். அதில் நாலு பத்தி, அதாவது நெடுக்கு வரிசை, இருக்கும்: போன வருஷத்தின் உண்மையான வரவு, இந்த வருஷ மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, அடுத்த வருஷ மதிப்பீடு. மேடையில் பேசுகிறவர் எடுப்பது எப்போதும் தனக்குத் தோதான பத்தி. நீங்கள் முதல் பத்தியைப் பாருங்கள், அதுதான் நடந்து முடிந்தது. முதல் தடவை எனக்கு அந்தப் பிடிஎஃப்பில் தேடவே அரை மணி நேரம் பிடித்தது, இப்போது ரெண்டு நிமிஷம்.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் அலைக்கற்றை என்ற சொல்லையே டீக்கடைக்குக் கொண்டுவந்தது 2ஜி விவகாரத்தில் அரசுக்கு இழப்பு என்று சொல்லப்பட்ட 1,76,645 கோடி என்ற எண். அந்தக் காலத்தில் அதை முழுசாக எழுதினால் எத்தனை சைபர் வரும் என்று ஒரு போட்டியே நடந்தது. (17,66,45,00,00,000. எண்ணிப் பார்த்துவிட்டேன், பதின்மூன்று இலக்கம்.) இந்த எண்ணை எப்படிப் பிரிப்பது என்று தெரிந்துகொண்டால் எந்த ‘இழப்பு’ எண் வந்தாலும் பிரித்துவிடலாம், அதனால் இங்கே கொஞ்ச நேரம் உட்காருவோம்.

2008 ஜனவரியில் 2ஜி மொபைல் சேவைக்கு 122 உரிமங்கள் கொடுத்தார்கள். நாடு முழுக்க ஒரு உரிமத்துக்கு விலை 1,658 கோடி. இது 2001 ஏலத்தில் வந்த விலை. ஏழு வருஷத்தில் மொபைல் சந்தை எங்கேயோ போய்விட்டது, விலை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. ஏலம் இல்லை, முதலில் வருபவருக்கு முதலில். அதிலும் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 2007 அக்டோபர் 1 என்று சொல்லிவிட்டு, செப்டம்பர் 25 வரை வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கடிதம் கொடுக்கும் நாளில் மதியம் அறிவிப்புப் போட்டு அன்றைக்கே 3.30 மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். டிமாண்ட் டிராஃப்ட்டும் வங்கி உத்தரவாதமும் கையில் தயாராக வைத்திருந்தவர் முந்திக்கொண்டார்.

2010 நவம்பரில் சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையர்) அறிக்கை வந்தது. அந்த அறிக்கை ஒரே ஒரு எண்ணைச் சொல்லவில்லை, பல எண்களைச் சொன்னது. எஸ் டெல் என்ற நிறுவனம் 2007-ல் நாங்கள் 13,752 கோடி தருகிறோம் என்று எழுதிய கடிதத்தை வைத்துப் போட்டால் 67,364 கோடி. உரிமம் வாங்கிய நிறுவனங்கள் தங்கள் பங்கை வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்ற விலையை வைத்துப் போட்டால் வேறு. 2010-ல் நடந்த 3ஜி ஏல விலையை அப்படியே 2008-க்குக் கொண்டுபோய்ப் போட்டால் 1,76,645 கோடி. கீழ்முனை 57,666 கோடி. பத்திரிகைகளும் கட்சிகளும் எதை எடுத்துக்கொண்டன என்று நமக்குத் தெரியும். அப்புறம் சிபிஐ குற்றப்பத்திரிகையில் 30,984 கோடி. 2011 ஜனவரியில் அமைச்சர் கபில் சிபல் வந்து இழப்பே சைபர் என்றார்! ஒரே விஷயத்துக்கு சைபரிலிருந்து ஒன்றேமுக்கால் லட்சம் கோடி வரைக்கும் பதில்.

ஆகவே ‘யூக இழப்பு’ என்று ஒரு எண் வந்தால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த விலையை எடுத்து, எந்த வருஷத்துச் சரக்கில் போட்டிருக்கிறார்கள்? 3ஜி ஏலம் நடந்தபோது பட்டை வேறு, காலம் வேறு. 34 நாள், 183 சுற்று போட்டி போட்டு நாடு முழுக்க 5 மெகாஹெர்ட்ஸ் விலை 16,751 கோடிக்கு ஏறியது. அந்தச் சூட்டில் வந்த விலை அது. அதையே 2008-ல் 122 உரிமங்களுக்கும் கொடுத்திருப்பார்கள் என்பது அனுமானம். ஆனால் அனுமானம் என்பதாலேயே சைபர் என்று ஆகிவிடாது. கையில் உரிமத்தைத் தவிர பெரிதாக எதுவும் இல்லாத நிறுவனத்தின் பாதிப் பங்கை வாங்க வெளிநாட்டுக்காரர் ஆயிரக்கணக்கான கோடி தந்தார் என்றால், அரசு விலை குறைவாக வைத்தது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. எவ்வளவு குறைவு என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு கணக்கு.

அந்த உரிமங்களைப் பின்னால் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவற்றின் அலைக்கற்றையை 2012 நவம்பரில் ஏலம் விட்டபோது 28,000 கோடி எதிர்பார்த்து 9,407 கோடிதான் வந்தது. இரண்டே நாளில் கடையைக் கட்டினார்கள். எங்கே போச்சு அந்த ஒன்றேமுக்கால் லட்சம் கோடி என்று அப்போதைய ஆளுங்கட்சி துள்ளியது. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 5 மெகாஹெர்ட்ஸுக்கு 14,000 கோடி என்று அடிப்படை விலை வைத்தார்கள், நிறுவனங்களோ ஏற்கெனவே 3ஜிக்குக் கொட்டிய பணத்தின் கடனில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அப்புறம் 2015 மார்ச்சில் 1,09,874 கோடி வந்ததே, அது எப்படி? அங்கே பழைய நிறுவனங்களின் 900 பட்டை உரிமம் காலாவதி ஆகப்போகிறது, வாங்காவிட்டால் இருக்கிற வாடிக்கையாளரையே இழக்க வேண்டும். கழுத்தில் கத்தி இருக்கும்போது கேட்ட விலை கொடுப்பார்கள். ஒவ்வொரு ஏலத்தின் எண்ணையும் அந்தந்த வருஷத்து நெருக்கடியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கோர்ட் விஷயத்தில் இன்னொரு குழப்பம். ‘உச்ச நீதிமன்றமே ஊழல் என்று சொல்லிவிட்டது’ என்று ஒருவர் சொல்வார், ‘கோர்ட்டே விடுதலை செய்துவிட்டது, ஒன்றுமே நடக்கவில்லை’ என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரும் வெவ்வேறு வழக்கைப் பற்றிப் பேசுகிறார்கள். 2012 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்ட கேள்வி, கொடுத்த முறை சட்டப்படி சரியா என்பது. சரியில்லை, தன்னிச்சையானது என்று 122 உரிமங்களையும் ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21-ல் சிபிஐ சிறப்பு நீதிபதி ஓ.பி. சைனி முன் இருந்த கேள்வி, இன்னார் குற்றம் செய்தார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்பது. இல்லை என்று 2008-ல் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த ஆ. ராசா, கனிமொழி உட்பட எல்லோரையும் விடுவித்தார். கோடை விடுமுறையில் கூட தினமும் காலை பத்து முதல் ஐந்து வரை உட்கார்ந்து, சட்டப்படி செல்லக்கூடிய ஆதாரத்தோடு யாராவது வருவார்களா என்று ஏழு வருஷமாகக் காத்திருந்ததாகத் தீர்ப்பில் எழுதினார். சிபிஐ மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. சிஏஜி கேட்டதோ மூன்றாவது கேள்வி, பணம் எவ்வளவு விட்டுப்போனது என்பது. முறை தப்பு என்பதும், குற்றம் நிரூபணமாகவில்லை என்பதும், தொகை அனுமானம் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஃபார்வர்டு வந்தால் இந்த மூன்றில் எதைப் பற்றிய பேச்சு என்று மேலே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

சரி, எண் எல்லாம் சரியாக இருந்தும் மனசு ஒரு பக்கம் சாய்கிறதா? கட்சிப் பெயரை மாற்றி வைத்துப் படித்துப் பாருங்கள். நான் செய்கிற சோதனைகளில் இதுதான் கசப்பானது, ஏனென்றால் முதலில் மாட்டுவது நாமே. 2010-ல் ‘அனுமான விலைக் கணக்கை வைத்து இழப்பு என்று சொல்லக் கூடாது’ என்று வாதாடிய பக்கத்திலிருந்துதான் 2022-ல் ஆ. ராசா, 5ஜி ஏலத்தில் எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இவ்வளவு இடைவெளி, விசாரணை வேண்டும் என்றார். ‘ஏலம் இல்லாமல் கொடுத்ததே ஊழல்’ என்று 2014 தேர்தல் வரை பேசிய கட்சியின் அரசுதான் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில், செயற்கைக்கோள் சேவை உட்பட ஒரு பட்டியலுக்கு ஏலம் இல்லாமல் நிர்வாக ஒதுக்கீடு என்று எழுதியது. 2024 ஏப்ரலில் அந்த 2012 தீர்ப்புக்கே விளக்கம் கேட்டு உச்ச நீதிமன்றம் போனது. இரண்டிலும் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. செயற்கைக்கோள் அலைவரிசையைப் பல பேர் பகிர்ந்து பயன்படுத்தலாம், டவர் அலைக்கற்றை மாதிரி ஒருத்தருக்கு எழுதிக்கொடுப்பது இல்லை, உலகத்தில் பெரும்பாலும் அதை ஏலம் விடுவதும் இல்லை. எல்லா இயற்கை வளத்துக்கும் ஏலம்தான் ஒரே வழி என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை என 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே கருத்துச் சொன்னது. ஆனால் ஒரு வாதம் நம்ம ஆள் சொன்னால் பொருளாதாரம், எதிராளி சொன்னால் ஊழல் என்று ஆகும்போது நாம் அலைக்கற்றையைப் பற்றிப் பேசவில்லை.

இன்னும் ஒரு கேள்வியை யாருமே ஃபார்வர்டில் போடுவதில்லை: இந்தக் கொள்கைக்குப் பிறகு களத்தில் எத்தனை நிறுவனம் மிஞ்சியது? கஜானாவுக்கு அதிகம் வந்தால் நல்லது என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். அந்தப் பணத்தைக் கட்டுகிற நிறுவனம் எங்கிருந்து எடுக்கும்? ஒன்று கடன், இல்லையென்றால் உங்கள் ரீசார்ஜ். 2010 வாக்கில் ஒவ்வொரு சர்க்கிளிலும் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டன, நொடிக்கு ஒரு பைசா என்று கூவி விற்றார்கள். 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது, பேச்சு இலவசம், டேட்டாவும் மாதக்கணக்கில் இலவசம். 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு போட்டது. தமிழ்நாட்டில் பாதி வீட்டில் ஏதாவது ஒரு ஏர்செல் சிம் இருந்த காலம் அது, நம்பரைக் காப்பாற்ற போர்ட் எஸ்எம்எஸ் அனுப்பிப் பதில் வராமல் ஜனம் அலைந்தது ஞாபகம் இருக்கும். அந்த ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இப்போது மூன்று தனியார், ஒரு பிஎஸ்என்எல். 2024 ஜூலையில் மூன்று தனியாரும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணம் ஏற்றியபோது மாறிப்போக எத்தனை இடம் இருந்தது என்று யோசித்தால் புரியும்.

இதில் ஏஜிஆர் (சரிக்கட்டிய மொத்த வருவாய்) விவகாரத்தைத் தெரிந்துகொள்ளாமல் விட முடியாது. 1999 கொள்கையில் வாஜ்பாய் அரசு, நிலையான உரிமக் கட்டணத்தை விட்டுவிட்டு வருவாயில் பங்கு என்ற முறைக்கு மாறியது. நல்ல ஏற்பாடு, மொபைல் மலிவானதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் ‘வருவாய்’ என்றால் எது? போன் பில் மட்டுமா, இல்லை வங்கி வட்டி, வாடகை எல்லாமா? இந்தச் சண்டை பல வருஷம் கோர்ட்டில் ஓடி, 2019 அக்டோபர் 24-ல் உச்ச நீதிமன்றம் எல்லாமே சேரும் என்றது. பாக்கி, வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி எல்லாம் சேர்த்து 1.47 லட்சம் கோடி! வோடஃபோன் ஐடியா தலையில் மட்டும் 58,000 கோடிக்கு மேல். கட்ட முடியாமல் அந்த நிறுவனம், அலைக்கற்றைப் பாக்கி உட்பட அரசுக்குத் தர வேண்டியதில் ஒரு பகுதியைப் பங்காக மாற்றிக் கொடுத்து, 2025-ல் மத்திய அரசே அதில் 49 சதவீதம் வைத்திருக்கிற நிலைக்கு வந்தது. அலைக்கற்றையை விற்கிறவரும் விதி எழுதுகிறவரும் ஒரு போட்டியாளரின் பங்குதாரரும் ஒரே ஆள். அடுத்த தடவை ‘தொலைத்தொடர்புத் துறைக்கு அரசு சலுகை’ என்று செய்தி படிக்கும்போது இதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி. 2025 மார்ச்சில் ஏர்டெலும் ஜியோவும் அடுத்தடுத்த நாளில், செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்கோடு ஒப்பந்தம் அறிவித்தன. அதற்குச் சில மாதம் முன்பு வரை செயற்கைக்கோள் நிறுவனங்களும் எங்களை மாதிரி காசு கொடுத்து அலைக்கற்றை வாங்கட்டும் என்று சொன்னவர்கள்தான் இவர்கள். மே மாதம் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பரிந்துரை வந்தது: ஏலம் வேண்டாம், ஐந்து வருஷத்துக்கு ஒதுக்கலாம், சரிக்கட்டிய வருவாயில் 4 சதவீதம் வாங்கலாம், நகர்ப்புற இணைப்பு ஒவ்வொன்றுக்கும் வருஷம் 500 ரூபாய் கூடுதலாக. எங்கள் குழுவில் மாமா, இது ஏலம் விடக்கூடிய சரக்கே இல்லை, உலக நடைமுறை தெரியாமல் பேசாதே என்றார். சித்தப்பா, ஏலம் விடாமல் கொடுத்தால் அது 2ஜி இல்லையா என்றார். இரண்டு பேரும் 2011-ல் பேசியதை இடம் மாற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் சொல்லப்போய், இரண்டு பேருமே ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நீங்கள் அந்த 4 சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதில் 4 சதவீதம், எந்தெந்த வருவாய் உள்ளே, எது வெளியே? டிஷ் விற்ற காசு சேருமா? ஐந்து வருஷம் கழித்து விலையை யார் மாற்றுவார்? கிராமத்து இணைப்புக்கு 500 ரூபாய் இல்லை என்றால், எது கிராமம் என்று யார் முடிவு செய்வது? டவர் வைத்து 3,927 கோடிக்கு ஒரு மெகாஹெர்ட்ஸ் வாங்கினவரோடு இதே வாடிக்கையாளருக்கு இவர் போட்டி போடப்போகிறாரா, இல்லை டவரே போகாத மலைக்கு மட்டும் போகிறாரா? டிராய் பரிந்துரை பிடிஎஃப்பாகவே கிடைக்கிறது, முன்னால் இருக்கும் கேள்வி வரலாற்றைத் தள்ளிவிட்டுக் கடைசியில் இருக்கும் பரிந்துரைச் சுருக்கத்துக்கு நேராகப் போங்கள், இருபது நிமிஷ வேலை. அப்புறம் குழுவில் போடுங்கள்.